ஊருக்கெல்லாம் என் நம்பர்

அந்த நாட்களில் என் போனில் காதில் வைத்துக் கேட்கும் வசதி செத்துப்போயிருந்தது. ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். யார் கூப்பிட்டாலும் என்னோடு சேர்த்துக் கடை வாசலில் நிற்கும் அத்தனை பேரிடமும்தான் பேசியாக வேண்டும். ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ரிப்பேருக்குக் கொடுக்க நினைப்பேன். இரண்டு நாள் போன் இல்லாவிட்டால் ஊரே வந்து என் கழுத்தில் உட்காரும் என்று திரும்பக் கொண்டுவந்துவிடுவேன்.

அது என் போன் என்பது பேருக்குத்தான். ஜவ்வாது மலையில், பஸ் நிற்கும் ஒரு வளைவில் எனக்குப் பெட்டிக்கடை. ஊர் அங்கிருந்து உள்ளே, சரிவில் இறங்கி மறுபடி ஏறிப் போக வேண்டும். டவர் சிக்னல் என் கடை வாசலோடு நின்றுவிடும். அதனால் ரேஷன் கார்டு, கேஸ், பேங்க் என்று எந்த ஃபாரம் வந்தாலும் ஊர்க்காரர்கள் என் நம்பரைத்தான் சொன்னார்கள். தன் வயது தெரியாத ஆட்களுக்குக்கூட என் நம்பர் பத்து இலக்கமும் தெரியும். மெசேஜ் வந்தால் கடைக்குப் பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்று கத்துவேன். கீழ்க்காட்டில் வேலை செய்கிறவர் அதை வாங்கி அடுத்த காட்டுக்குக் கத்துவார். கேஸ் சிலிண்டர் வந்தது, பென்ஷன் நின்றது, பேங்கில் யாரோ ரகசிய எண் கேட்டது, எல்லாம் அப்படித்தான் ஊருக்குள் போய்ச் சேர்ந்தன. அந்த ரகசிய எண்ணையும் நான் பாறைமேல் நின்றுதான் கத்துவேன்.

எனக்கு வாயில் எதுவும் தங்காது. அடிவாரத்தில் ஒடுகத்தூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மேலே வந்து, வீட்டுக்காரர் செத்த பிறகும் இறங்கிப் போகாமல் கடையைப் பிடித்துக்கொண்டு இருப்பவள் நான். ஊரில் எனக்கு மரியாதை கிடைத்ததே இந்த வாயால்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அப்புறம் கொரோனா வந்தது. மேலே காற்று சுத்தம், அந்த நோய்க்கு மலை ஏறத் தெரியாது என்று பேசிக்கொண்டார்கள். அது எல்லாரையும்போல பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்காமல் வந்துவிட்டது. டெஸ்ட் எடுத்தவர்கள் எல்லாரும் என் நம்பரைக் கொடுத்தார்கள். கன்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது.

"வணக்கம்ங்க. உங்க ரிசல்ட் விஷயமா பேசறோம். உங்க வயசு என்னங்க?"

"அதுல இன்னான்னு போட்டுருக்குது?"

"ஆண், எழுபத்தொண்ணு."

"காத்தால பேசுனவரு பெண், பத்தொன்பதுன்னாரே."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்கும். ஒருமுறை ஜீப்பில் ஒரு இளம் அதிகாரி என் கடைக்கே வந்துவிட்டார். இந்த ஒரு நம்பருக்குச் சொந்தக்காரர் விடாமல் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டே இருக்கிறார், இந்த மலையிலேயே அபாயமான ஆள் இவர்தான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம். நான் டீ போட்டுக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரிசல்ட்டையும் நான் பாறைமேல் நின்றுதான் கத்தினேன். பால் ஊற்றுகிறவருக்கு நோய் என்று வந்த அன்று, அவர் காட்டிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். கறந்த பாலை அவர் நாள் கணக்கில் தரையில் ஊற்றினார். ஊருக்கு நல்லது செய்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குணமாகி வந்த பிறகு அவர் என் கடையில் வெற்றிலை வாங்குவார், முகத்தைப் பார்க்க மாட்டார். ரோஷக்காரன் என்று சிரித்தேன்.

இரண்டாவது அலை அடங்கிவந்த சமயம் அது. சாமை விதைக்க உழுதுகொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து ஒரு பெண் மூன்று நாளாக என் கடைக்கு வந்து தீப்பெட்டி வாங்கினாள். மூன்று பெண் குழந்தைகளுக்கு அம்மா, இருபத்தாறு வயதுதான் இருக்கும். வாங்கிக்கொண்டு போகாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். பஸ்ஸுக்கா என்று கேட்டால் இல்லை என்பாள். மூன்றாவது நாள் காலையில் போன் சிணுங்கியது. அவள் பேர் போட்டு, அடிவாரத்து அரசு ஆஸ்பத்திரியில் மாதிரி எடுத்தது, நோய் உறுதி என்று மெசேஜ். நான் பழக்கதோஷத்தில் பாறையைப் பார்த்து நடந்தேன். அவள் ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குத்தான அக்கா?"

"ஒனக்குத்தான். கொரோனாவாம். கீழ எதுக்குடி போன நீ?"

"கத்தாத அக்கா, ஒன் கால்ல வேணாலும் வுழறேன்."

"ஊருக்குத் தெரிய வேணாமா?"

"கொரோனா வந்தது தெரியட்டும். எங்க டெஸ்ட்டு குடுத்தேன்னு தெரியக்கூடாது."

கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மூன்றாவது பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிது. இனி ஒன்று உண்டானால் உயிருக்கு உறுதியில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமியாருக்கோ பேரன் வேண்டும். புருஷன் புளி மூட்டை தூக்குகிறவன், நல்லவன்தான், ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான். அதனால் இவள் பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கருத்தடை ஆபரேஷனுக்குப் பேர் கொடுக்கப் போயிருக்கிறாள். முதலில் மூக்கில் டெஸ்ட், ரிசல்ட் வந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"கையெழுத்து நீயே போட்டா போதும், புருஷன் வேணாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. போன் நம்பர் மட்டும் கண்டிப்பா வேணும்னுட்டாங்க. ஒன் நம்பர குடுத்துட்டேன்."

"தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க?"

"அவருக்கு வேற பொண்ணு பாப்பாங்க. இந்த மூணையும் இட்டுனு நான் எங்க போவேன்?"

அவள் அழவில்லை. கையில் இருந்த தீப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். எனக்குத்தான் பயம் வந்தது. அவள் மாமியாருக்கு இளைப்பு உண்டு, மேடு ஏறுவது கிடக்கட்டும், நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும். அந்த வீட்டில் எல்லாரும் படுப்பது ஒரே அறையில். கத்தினால் இவள் வாழ்க்கை போகும். கத்தாவிட்டால் கிழவி உயிர் போகலாம். அதுவரைக்கும் ஊர் விஷயம் எதையும் நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் குடிசை நினைவுக்கு வந்தது. ஊருக்கு வெளியே, மாதவிலக்கான பெண்கள் போய் இருப்பதற்கென்று ஒரு குடிசை உண்டு. குனிந்துதான் உள்ளே போக முடியும், மழை பெய்தால் ஒழுகும். நாள் முடிந்து குளிக்கும்வரை யாரும் அவர்களைத் தொடமாட்டார்கள், தட்டு தனி, தண்ணீர் தனி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குடிசையை நான் திட்டாத திட்டு இல்லை.

"தூரமாயிட்டேன்னு வூட்ல சொல்லிட்டு அங்க போய் உக்காந்துக்க. புள்ளைங்க கிட்ட வரக்கூடாது, கெழவி கிட்ட வரக்கூடாது."

"பத்து நாளு முன்னதான அக்கா குளிச்சேன்? மாமியா கணக்கு வெச்சினு கீது."

மருமகள் குளித்த நாளிலிருந்து தினம் ஒரு புளியங்கொட்டையை எடுத்து மாமியார் ஒரு தகர டப்பாவில் போட்டு வருகிறாளாம். நாள் தள்ளிப்போனால் முதலில் தனக்குத் தெரிய வேண்டும் என்று. கன்ட்ரோல் ரூம்காரர்கள் அந்த அம்மாளிடம் வந்து டியூஷன் படித்திருக்கலாம்.

"இந்த தடவ சீக்கிரம் வந்துடுச்சின்னு சொல்லு. யாரு வந்து பாக்கப் போறா?"

போனாள். மாமியார் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, உடம்பில் சூடு, பிள்ளை நிற்கிற இடமே கெட்டுப்போயிற்று என்று ஊருக்கே கேட்கும்படி புலம்பினாள். ஆனால் விதியில் ஒரு இம்மி விடவில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் போனால் அடி. சோற்றை இலையில் வைத்து எட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தாள். எந்தத் தாசில்தார் வந்து உத்தரவு போட்டிருந்தாலும் ஊரில் ஒருத்தரை இவ்வளவு சுத்தமாகத் தனியே வைத்திருக்க முடியாது. நல்லவேளை, குடிசையில் அப்போது வேறு யாரும் இல்லை.

மத்தியானம் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடினேன்.

"வயசு என்னங்க?"

"இருபத்தாறு."

"குரல் பெரியவங்க குரலா இருக்குதே?"

"கொரோனா சார்."

அவர் பாவம், நம்பினார். நாளைக்கு ஆட்கள் வருவார்கள், வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், வழியில் தகரம் அடிப்பார்கள் என்றார்.

"நான் எங்க டெஸ்ட்டு எடுத்தேன்னு ஊர்ல சொல்லுவீங்களா சார்?"

"சேச்சே, நோயாளியோட விவரம் முழுக்க ரகசியம்ங்க."

"ஸ்டிக்கர்ல இன்னா எழுதுவீங்க?"

"பேரு, வயசு, வீட்ல எத்தன பேரு, என்னிக்கு, எந்த ஆஸ்பத்திரில மாதிரி எடுத்தது..."

"ரகசியத்த எவ்ளோ பெரிய எழுத்துல எழுதுவீங்க சார்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாகச் சிரித்தார். மேலதிகாரிகள் சொல்வதைத்தான் நாங்கள் செய்கிறோம் என்றார். அவரும் என்னைப் போலப் பாறைமேல் ஏற்றிவிடப்பட்ட ஆள்தான் என்று தோன்றியது. கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஸ்டிக்கர் கொஞ்சம் பொறுங்க சார். எங்க ஊர்ல கேம்ப்பு போடுங்க. மொத்த ஊரும் மூக்க காட்டறோம். அதுக்கு அப்பறம் யாருக்கு ஒட்டணுமோ ஒட்டுங்க. நான் அதுவரிக்கும் தனியாத்தான் கீறேன், சத்தியமா."

அதற்கு முன்னால் ஒருமுறை அவர்கள் கேம்ப் போட வந்தபோது ஊரே காட்டுக்குள் ஓடிவிட்டது. நானும் இரண்டு ஆடுகளும்தான் மிச்சம், நானும் மூக்கைக் காட்டவில்லை. மொத்த ஊரும் என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. நாளை மறுநாள் வருகிறோம் என்றார்.

ஊரை எப்படிச் சம்மதிக்கவைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாறைமேல் ஏறி, "மூக்க காட்டாதவங்க பேருக்கு எது வந்தாலும் இனிமே நான் கத்த மாட்டேன், கேஸும் இல்ல, பென்ஷனும் இல்ல!" என்று கத்தினேன். மிரட்டல்தான். அரசாங்கம் இதைச் செய்திருந்தால் நானே வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன்.

கேம்ப் அன்று நான்தான் முதலில் உட்கார்ந்தேன். குச்சியை மூக்கில் விட்டு மூளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். குத்தியவர் பரம்பரையையே திட்டினேன், அதைப் பார்த்து ஊர் சிரித்தது, சிரித்தபடி வரிசைக்கு வந்தது. குடிசையில் இருப்பவளை எப்படித் தொடுவது என்று மாமியார் மட்டும் வழிமறித்தாள். டெஸ்ட் எடுப்பவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலை முதல் கால்வரை வெள்ளை பிளாஸ்டிக்கில் இருந்தார், ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

"முழுசா மூடினு கீது. தீட்டு ஒட்டாது, போவட்டும்," என்று வழிவிட்டாள்.

ரிசல்ட் வந்த அன்று ஊரே கடைமுன் கூடிவிட்டது. நான் பாறைமேல் நின்று ஒவ்வொரு பேராகப் படித்தேன். மாமியாருக்கு இல்லை. மூன்று குழந்தைகளுக்கும் இல்லை. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று துடைத்துக்கொண்டேன். குடிசைக்காரிக்கு உண்டு. அடுத்த பேரை அதே வேகத்தில் கத்திவிட்டுத்தான் பார்த்தேன், அது என் பேர். எனக்கும் உண்டு.

முள்ளை இழுத்துக்கொண்டு வந்தவர் பால்காரர். என் கடை வாசலில் ஒரு கோழிகூட நுழையாதபடி நிதானமாக அடுக்கினார். நான் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு சொம்பில் பால் இருந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

அவள் வீட்டு ஸ்டிக்கரில் மாதிரி எடுத்த இடம் எங்கள் ஊர் கேம்ப் என்றே எழுதினார்கள். அவள் எங்கே போனாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தீப்பெட்டி வாங்கப் போய் என்னிடமிருந்து நோயையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று பேச்சு ஆனது. உண்மையில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குக்கூடத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

குணமான பிறகு, உடம்பு தேற அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று வீட்டில் மூன்று நாளுக்கு அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டாள். கிளம்புவதற்கு முன்னால் மறுபடி டெஸ்ட், மறுபடி என் நம்பர். நோய் இல்லை என்று வந்த அன்று நான் பாறைப் பக்கமே போகவில்லை. அவள் வந்து நின்றதும் ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்தேன். புரிந்துகொண்டாள். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி அடிவாரத்துக்குப் போனாள்.

திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். கடைமுன் ஒடுகத்தூர் பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவள் புருஷன் பீடி வாங்கிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. என் இரண்டு கையிலும் டீ கிளாஸ், பலகையில் இருந்த போனை விரலால் தட்டினேன். ஒரு பெண் குரல் வளைவு முழுக்கக் கேட்டது.

"கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களேம்மா, தையல் போட்ட எடம் எப்படி இருக்குது? வலி, காய்ச்சல் ஏதாவது இருக்குதா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் போன் பக்கம் திரும்பினார்கள்.

"பேஷன்ட் பேரு..." என்று அந்த அம்மாள் காகிதத்தைப் புரட்டினாள்.

"நான்தாம்மா!" என்று கத்தினேன். "நான்தான் பேசறேன். ஆறிடுச்சி. வலி ஒண்ணும் இல்ல."

"சரிம்மா. இன்னும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்காரரோட சேராதீங்க."

"சேரலம்மா."

அது மட்டும் பொய்யில்லை. என் வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது.

போனை அணைத்தேன். அவள் புருஷன் பீடியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தான்.

"இன்னாக்கா... ஒனக்கா?"

"ஏன், எனக்குன்னா இன்னா?"

"ஒனக்கு இன்னாத்துக்குக்கா அது?"

"அத ஒன்கிட்ட சொல்லினுதான் பண்ணணுமா? பீடிய எடுத்துனு கெளம்புடா."

பாறைமேல் ஏற வேண்டிய வேலையே இல்லை. பஸ் அடிவாரம் சேர்வதற்குள் சேதி மலையின் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. யார் அந்த ஆள் என்று ஊர் அலசியது. பஸ் டிரைவர் என்றார்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் என்றார்கள், முள்ளுக்கு அப்பால் பால் வைத்துவிட்டுப் போனாரே, அவர்தான் என்றார்கள். டிரைவர் இரண்டு வாரம் என் கடையில் டீ குடிக்கவில்லை. மறுநாளே கடையைச் சாத்திவிட்டு ஜமுனாமரத்தூர் போய்ப் போனை ரிப்பேர் செய்துகொண்டு வந்தேன். இப்போதெல்லாம் காதில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறாள், ஆள் இருப்பது உறுதி என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பகலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த வருஷம் ஊர்ப் பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் அரிசி வாங்கிக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போனபோது சிரிப்பு வரவில்லை. அளந்து வைத்த அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினேன். நான் கத்திக் கத்திக் கெடுத்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பால்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இதையும் ஊர் வேறு மாதிரிப் பார்க்கும், முதலில் இடத்தைக் காலி பண்ணு என்றார்.

அவள் ஒருநாள் வந்து, "நானே சொல்லிடறேன் அக்கா, என்னால தாங்க முடியல," என்றாள்.

"வாயத் தொறந்த, ஒன் பேருக்கு இருக்கற நம்பர எடுத்துடுவேன்," என்றேன். அவள் அன்றுதான் அழுதாள்.

மாமியார் இன்னும் இருக்கிறாள், மூச்சு வாங்கிக்கொண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் பேரனுக்காக வேண்டிக்கொண்டு விளக்கேற்றுவாள். அதற்குக் கற்பூரம் வாங்க என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும், வேறு கடை கிடையாது. என் கையிலிருந்து வாங்கமாட்டாள். பலகையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்வாள்.

"ஒன்ன மாதிரி ஆளுங்கள ஊர்ல வெச்சினு இருந்தா சாமி எப்டி கண்ணத் தொறக்கும்?" என்பாள். நான் கற்பூரத்தைப் பலகையில் வைப்பேன். டப்பாவில் புளியங்கொட்டை போடுவதை அவள் இன்னும் விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரமும் வந்தாள். கற்பூரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, போகாமல் நின்றாள்.

"எம் மருமவ பேருக்கு எதுனா மெசேஜ் வந்துச்சாடி? அவ எங்கிட்ட எதயும் சொல்ல மாட்டேன்றா. ஒனக்கு வந்தா எனக்கு மொதல்ல கத்து."

"ஒண்ணும் வரல பெரிம்மா," என்றேன்.